புது கார், நாய்கள், நண்பர்கள், ஒரு பை நூல்: முதல்முறை கிளம்புவோருக்கு

சனிக்கிழமை மதியம். நான்கு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, தேவைப்படுபவர்களுக்கு இலவசமாகக் கொடுப்பதற்காகப் பின்னிக்கொண்டிருந்தோம். என் நாய் வந்து காலடியில் படுத்தது. அதன் வாயோரத்தில் நீல நூல் ஒன்று தொங்கியது. நீல நூற்கண்டு பைக்குள்தானே இருக்கிறது என்றேன். பையைப் பார்த்தால் காலி.

ஒரு நண்பர் நூலைப் பிடித்து இழுக்கப் போனார். நல்லவேளையாக இன்னொருவர் கையைத் தட்டிவிட்டார். விழுங்கிய நூலை இழுக்கவே கூடாது. ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையிலோ சிக்கி, மறுமுனை குடலுக்குள் போயிருந்தால், நாடாவை இழுத்ததும் பாவாடை சுருங்குகிற மாதிரி குடல் நூலின் மேல் சுருங்கிக்கொள்ளும். மேலும் இழுத்தால் அந்த நூலே குடலை அறுத்துவிடும். வாந்தி எடுக்கவைக்கும் கைவைத்தியமும் வேண்டாம். நேராகக் கால்நடை மருத்துவரிடம் போவதுதான் வழி. நாங்களும் போனோம். மயக்க மருந்து கொடுத்து, எண்டோஸ்கோப் விட்டு, ஒன்றரை முழ நூலை எடுத்தார்கள். நாய் பிழைத்தது. அந்த வார இறுதி அதோடு முடிந்தது.

தப்பு நாயுடையது அல்ல. காலையில் மூன்று மணி நேரம் காரில் அடைத்துக் கூட்டிவந்து, இறங்கியதும் நடக்கக்கூட விடாமல் நாங்கள் பாட்டுக்கு ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டோம். சும்மா கிடந்த நாய் தனக்கு ஒரு வேலையைத் தேடிக்கொண்டது, அவ்வளவுதான். அதற்கப்புறம் இப்படிப் பல வார இறுதிகள் போய்வந்தாயிற்று. கார், நண்பர்கள், கைவேலை மூன்றுக்கும் தனித்தனியாக நேரம் குறிப்பதை விட்டுவிட்டேன். நாய்க்கு எப்போது நடை, எப்போது சாப்பாடு, எப்போது தூக்கம் என்று முதலில் எழுதிக்கொள்வேன். மீதி எல்லாம் அதன் இடைவெளிகளில்தான். கீழே உள்ளதும் அந்த வரிசைதான்.

புதன்: ஒரு தொலைபேசி அழைப்பு

பின்னிய பொருளை யாருக்குக் கொடுக்கப்போகிறோம் என்று முதலில் தெரிய வேண்டும். பலர் செய்துமுடித்துவிட்டுத்தான் ஆள் தேடுகிறார்கள். அப்படிக் கொண்டுபோகும் மூட்டை சில சமயம் ஒரு மூலையில் கிடந்துவிடும். கொடுக்க நினைக்கும் இடத்தைக் கூப்பிட்டு மூன்றே கேள்விகள் கேளுங்கள்: இப்போது எது குறைவாக இருக்கிறது, என்ன அளவு, எந்தத் துணி அல்லது நூல் வேண்டாம்.

நாய்களோடு போகும் வார இறுதிக்கு விலங்குக் காப்பகம்தான் பொருத்தம் என்பேன். குறைமாதக் குழந்தைகளுக்குத் தொப்பி, கீமோதெரபி எடுப்பவர்களுக்கு மென்மையான குல்லா எல்லாம் அருமையான வேலைதான். ஆனால் அவை எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களின் கைக்குப் போகிறவை. நாய் முடி பறக்கும் அறையில் அவற்றைத் தொடாதீர்கள். டென்மார்க்கில் 2013இல் தொடங்கிய, குறைமாதக் குழந்தைகளுக்கான குரோஷே (கொக்கி ஊசியால் பின்னும்) ஆக்டோபஸ் பொம்மை பலருக்கும் தெரிந்திருக்கும். அதில் ஒரு கையை இழுத்துப் பிடித்தாலும் 22 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. குழந்தையைச் சுற்றிக்கொள்ளும் என்பதால் அந்தக் கட்டுப்பாடு. இவ்வளவு கவனம் கேட்கும் வேலைக்கு நாயும் அரட்டையும் இல்லாத வேறொரு நாளை ஒதுக்குங்கள்.

காப்பகத்து நாய் முடியைப் பற்றிக் கவலைப்படாது. கோணல் தையலைப் பற்றியும்தான்.

வியாழன்: நாய் இல்லாமல் காரோடு

புது காரை எடுத்ததும் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போகத்தான் கை பரபரக்கும். ஒரு மாலையாவது தனியாக ஓட்டிப் பாருங்கள். பெட்ரோல், டீசல் என்ஜின் என்றால் முதல் 1,000 கிலோமீட்டர் அளவுக்கு மிதமாக ஓட்டச் சொல்லிக் கையேட்டில் இருக்கும். சரியான தூரம் காருக்குக் கார் மாறும், பார்த்துக்கொள்ளுங்கள். ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தாமல், ஒரே வேகத்தில் மணிக்கணக்காகப் போகாமல், வேகத்தை மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். உள்ளே பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு ஒட்டி உராய்ந்து பதமாவதற்காக இது. மின்சாரக் காருக்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் புது பிரேக் பேடும் புது டயரும் எல்லாக் காருக்கும் பொது. பேட் படிந்து முழுப் பிடிப்பு கொடுக்கக் கொஞ்ச தூரம் ஆகும். புது டயரின் மேற்பரப்பில் வழுவழுப்பு இருக்கும், ரப்பர் கொஞ்சம் தேய்ந்த பிறகுதான் சாலையை நன்றாகக் கவ்வும். முன்னால் போகும் வண்டிக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் இடைவெளி விடுங்கள்.

டயரில் காற்று: ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பல கார்களில் அதில் இரண்டு எண்கள் உண்டு, ஒன்று சாதாரணப் பயணத்துக்கு, இன்னொன்று முழுச் சுமைக்கு. நான்கு பேரும் இரண்டு பெரிய நாய்களும் மூட்டை முடிச்சும் என்றால் உங்களுக்கு இரண்டாவது எண். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, அதை நிரப்ப வேண்டிய அளவென்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கார் ஓடிச் சூடாவதற்கு முன்பே அளந்துவிடுங்கள். ஸ்டெப்னி இருக்கிறதா என்றும் பாருங்கள். இப்போது பல கார்களில் அதற்குப் பதில் ஒரு பஞ்சர் பெட்டிதான் வருகிறது. நடுவழியில் டிக்கியைக் காலிசெய்த பிறகு இதைத் தெரிந்துகொள்வது நல்ல அனுபவமல்ல.

அப்புறம் இரண்டு பொத்தான்கள். பின்பக்க ஜன்னல் கண்ணாடிகளைப் பூட்டும் பொத்தான் எங்கே, குழந்தைப் பூட்டு எங்கே என்று தேடிப் பிடியுங்கள். நாய் கதவில் காலை ஊன்றி எட்டிப்பார்க்கும்போது கண்ணாடிப் பொத்தானை மிதிக்கும். மிதித்தால் கண்ணாடி இறங்கலாம். தலை வெளியே இருக்கும்போது ஏறவும் செய்யலாம். அதேபோல் சாவியை உள்ளே வைத்துவிட்டு இறங்காதீர்கள். எல்லாக் கதவையும் பூட்டும் சென்ட்ரல் லாக் பொத்தானை மிதித்து நாயே உள்ளிருந்து பூட்டிக்கொண்ட கதையைக் கேட்டிருக்கிறேன். வெளியே நின்று பிஸ்கட்டைக் காட்டிக் கெஞ்சினாலும் அது திறக்காது.

வெள்ளி: நாயும் காரும்

நாம் ரசிக்கும் புது கார் வாசனை என்பது பிளாஸ்டிக், பசை, இருக்கை உறை எல்லாவற்றிலிருந்தும் ஆவியாகும் வேதிப்பொருள்கள்தான். நம்மைவிடப் பல மடங்கு கூர்மையான மூக்குக்கு அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கிளம்புவதற்கு முன்னால் சில நாள்கள் கதவுகளைத் திறந்துவைத்துக் காற்றோட்டம் கொடுங்கள். வாசனைத் திரவியம் எதையும் தொங்கவிடாதீர்கள். நாய் தினமும் படுக்கும் பழைய விரிப்பைத் துவைக்காமல் அப்படியே பின்னிருக்கையில் போடுங்கள். புது இருக்கைக்குப் பழைய விரிப்பா என்று முகம் சுளிப்பவர்கள், சுற்றிலும் நீர்புகா உறை ஒன்றையும் விரித்துக்கொள்ளலாம்.

பிறகு பழக்குவது. என்ஜினை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்துவையுங்கள். நாய் தானாக ஏறட்டும், ஒரு தீனி, இறங்கட்டும். அடுத்து கதவை மூடி ஒரு நிமிடம். அடுத்து என்ஜின் ஓட ஒரு நிமிடம். கடைசியாகத் தெருவை ஒரு சுற்று. தூக்கி உள்ளே போட்டால் வேலை சீக்கிரம் முடியும்தான், ஆனால் அடுத்த முறை காரைப் பார்த்ததுமே கட்டிலுக்கடியில் போய்விடும்.

உட்காரும் இடம் பின்னிருக்கை, அல்லது டிக்கி தனியாக மூடாத காரில் நன்றாகக் கட்டிப் பொருத்திய கூண்டு. முன்னிருக்கையும் மடியும் கூடாது. முன்னால் இருக்கும் ஏர்பேக் பெரிய மனிதர் ஒருவரைத் தாங்கும் கணக்கில் வெடித்து விரிவது. நாய்க்கு அதுவே அடி. பின்னிருக்கையில் மார்பை அணைக்கும் ஹார்னஸ் போட்டு, அதைச் சீட் பெல்ட்டோடு குட்டையான வாரில் இணையுங்கள். கழுத்துப்பட்டையில் இணைக்காதீர்கள். மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் கார் திடீரென நின்றால், கட்டாத நாய் அதே 50 கிலோமீட்டர் வேகத்தில் முன்னால் வரும். கழுத்தில் கட்டியிருந்தால் அந்த வேகத்தின் மொத்த விசையையும் கழுத்து தாங்க வேண்டியிருக்கும்.

சனி காலை: வழியில்

முழுச் சாப்பாட்டைக் கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே கொடுத்துவிடுங்கள். எச்சில் ஒழுகுவது, உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, அடிக்கடி கொட்டாவி விடுவது எல்லாம் குமட்டலின் அறிகுறிகள். குட்டிகளுக்கு இது அதிகம், வளர வளரப் பலவற்றுக்குக் குறைந்துவிடும். மனிதருக்கான வாந்தி மாத்திரையை நீங்களாகக் கொடுக்க வேண்டாம், மருத்துவரைக் கேளுங்கள். கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டிக் காற்று வாங்கும் நாய் பார்க்க அழகுதான். தூசியும் பூச்சியும் கண்ணில் படும், அதனால் மூக்கு மட்டும் போகிற அளவு இறக்கினால் போதும்.

ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். இதில் ஒரே ஒரு பழக்கம்: கதவைத் திறக்கும் முன் வாரை மாட்டுவது. முன்னே பின்னே தெரியாத இடத்தில், வண்டிகள் பறக்கும் சாலையோரத்தில் நாய் தொலைவது பெரும்பாலும் இந்த ஒரு வினாடியில்தான். நண்பர்களில் ஒருவர் ஆர்வக்கோளாறில் பின்கதவைத் திறந்துவிடுவார். அதனால் கிளம்பும்போதே சொல்லிவைத்துவிடுங்கள், பின்கதவுக்குப் பொறுப்பு ஒரே ஒருவர்.

காருக்குள் நாயை விட்டுவிட்டு எல்லோரும் இறங்காதீர்கள். ஐந்து நிமிடம்தானே, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் போதாதா என்று யாராவது கேட்பார். அமெரிக்காவில் 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைத்தான் அளந்து பார்த்தது. வெயில் நாளில் நின்ற காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெப்பம் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறியது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணிக்குள்ளேயே. கண்ணாடியை இடுக்குவிட்டு இறக்கிவைத்ததால் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. வெளியே 21 டிகிரி என்று நமக்கு இதமாக இருக்கும்போதே உள்ளே பத்து நிமிடத்தில் 32 டிகிரி ஆகிவிடும். நாய்க்கு நம்மைப் போல உடல் முழுக்க வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். பக், புல்டாக் மாதிரி சப்பை மூக்குக்காரர்களுக்கு அதுவும் சரியாக வராது. ஒருவர் நாயோடு வெளியே நிழலில் நிற்க, மற்றவர்கள் போய்வாருங்கள். முறைவைத்துக்கொண்டால் யாருக்கும் மனத்தாங்கல் இருக்காது.

போய்ச் சேர்ந்ததும்: நாய்களின் அறிமுகம்

இரண்டு வீட்டு நாய்கள் என்றால் வாசலில் நேருக்கு நேர் விட்டுவிடாதீர்கள். நாய்களின் மொழியில் நேராக முகத்தை நோக்கி வருவது மரியாதையில்லை. வீட்டுக்குச் சற்றுத் தள்ளி, இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத தெருவிலோ திடலிலோ சந்தியுங்கள். வார் தளர்ந்தே இருக்க வேண்டும். இழுத்துப் பிடித்தால் உங்கள் பதற்றம் அப்படியே கயிறு வழியாக இறங்கும். ஏழெட்டு மீட்டர் இடைவெளியில் இரண்டும் ஒரே திசையில் பக்கவாட்டாக நடக்கட்டும். பத்து நிமிடத்தில் இடைவெளியைக் குறையுங்கள். பிறகு வளைந்து வந்து மோந்துபார்க்க விட்டு, மூன்று வினாடியில் கூப்பிட்டுக்கொண்டு மீண்டும் நடக்க வேண்டும்.

முன்கால்களைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கினால் விளையாடக் கூப்பிடுகிறது என்று அர்த்தம். உடல் விறைத்து, வாய் மூடி, கண்ணின் வெள்ளை ஓரமாகத் தெரிந்தால் பேச்சுவார்த்தை முறிகிறது. வால் ஆடுகிறதே என்று நம்பிவிடாதீர்கள். விறைத்த உடம்போடு ஆடும் வாலுக்கு வேறு அர்த்தம்.

சேர்ந்து நடந்தபடியே வீட்டுக்குள் போங்கள். அதற்கு முன் தரையில் கிடக்கும் பொம்மை, எலும்பு, தீனிக் கிண்ணம் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். சாப்பாடு தனித்தனி அறையில். இத்தனைக்கும் பிறகு இன்னும் அரை மணி நேரம் நடையோ ஓட்டமோ. மோப்பம் பிடித்து, ஓடி, தண்ணீர் குடித்து, சாய்ந்து படுத்துப் பெருமூச்சு விடும். அந்தப் பெருமூச்சைக் கேட்ட பிறகுதான் எங்கள் வீட்டில் நூல் பை திறக்கும்.

சனி மதியம்: கைவேலை

மேசை முதலில். மூடி போட்ட பெட்டியில் நூல். துளை வழியாக வேலைசெய்யும் முனை மட்டும் வெளியே வரட்டும். ஊசி, கத்தரிக்கோல், குண்டூசி எல்லாவற்றையும் எண்ணி ஒரு தாளில் எழுதிவையுங்கள். தரையில் எதையும் வைக்காதீர்கள். நாற்காலியின் கைப்பிடியும் தரைக்குச் சமம்தான். கொறிக்க வாங்கிவந்ததில் சாக்லேட், திராட்சை, சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்த சூயிங்கம் இருந்தால் எழுந்துபோய் அலமாரியில் பூட்டிவிட்டு வாருங்கள். மூன்றுமே நாய்க்கு நஞ்சு.

தையலே தெரியாதவருக்கும் வரும் வேலை, பழைய பருத்தி டி-ஷர்ட்டில் பின்னல் பொம்மை. அக்குளுக்குக் கீழே குறுக்காக வெட்டுங்கள். கிடைக்கும் குழாயைப் பக்கவாட்டில் பிரித்து, 5 சென்டிமீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் நீளத்தில் ஆறு பட்டைகள் எடுங்கள். ஒவ்வொன்றையும் இரண்டு முனையிலும் பிடித்து ஒருமுறை வெடுக்கென்று இழுத்தால், ஓரம் உள்ளே சுருண்டு பட்டை தடித்த கயிறுபோல் ஆகிவிடும். ஆறையும் சேர்த்து ஒரு முனையில் இறுக்கமாக முடிச்சு. ஒரு நண்பர் அந்த முடிச்சைப் பிடித்துக்கொள்ள, நீங்கள் இரண்டிரண்டாகச் சேர்த்துச் சாதாரண ஜடை பின்ன வேண்டும். தலைக்குப் பின்னுவதைவிட இறுக்கமாக, ஒவ்வொரு மடிப்பையும் விரலால் மேலே தள்ளித் தள்ளி. இந்த இடத்தில்தான் புதியவர்கள் கோட்டைவிடுவார்கள். தளர்ந்த பின்னலில் நாயின் பல் நுழையும், பட்டை உருவிக்கொண்டு வரும், அப்புறம் என் நீல நூல் கதைதான். முடிந்ததும் மறுமுனையில் முடிச்சுப் போட்டு, இரண்டு பேர் எதிரெதிரே நின்று முழு பலத்தோடு இழுங்கள். முடிச்சு நழுவினால் அவிழ்த்து மறுபடி போடுங்கள். நழுவாவிட்டால் தேறிவிட்டது. இழுத்து விளையாடத்தான் இது, தனியாக மென்றுகொண்டிருக்க விடக் கூடாது என்று கொடுக்கும்போது காப்பகத்தில் சொல்லிவிடுங்கள்.

போர்வைக்கு ஃப்ளீஸ் என்ற மெத்தென்ற செயற்கைத் துணி போதும். வெட்டிய ஓரம் பிரியாது, ஆகவே தைக்கவே வேண்டியதில்லை. இரண்டு துணியை அடுக்கி ஓரத்தைக் குஞ்சமாக வெட்டி முடிச்சுப் போடும் போர்வை பார்க்க அழகாக இருக்கும். ஆனால் நாய்க்கு ஒவ்வொரு குஞ்சமும் மெல்லுவதற்கான அழைப்பு. 60க்கு 90 சென்டிமீட்டர் அளவில், முனைகளை வட்டமாக நறுக்கிவிட்டால் அதுவே போர்வை. ஐந்து நிமிட வேலை என்பதால் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும்.

இரண்டு ஊசியில் பின்னத்தான் வேண்டும் என்பவர்களுக்குச் சதுரங்கள். அமெரிக்காவில் 1991இல் தொடங்கிய ‘வார்ம் அப் அமெரிக்கா’ இந்த யோசனையால்தான் வளர்ந்தது. ஆளுக்கொரு 7க்கு 9 அங்குலத் துண்டு பின்னித் தருவார்கள். ஏழு வரிசையில் ஏழேழாக 49 துண்டுகளைச் சேர்த்தால் 49க்கு 63 அங்குலத்தில் முழுப் போர்வை ஆகிவிடும். நண்பர்கள் கூட்டத்தில் வரும் சிக்கல் என்னவென்றால், ஒருவர் கை இறுக்கம், இன்னொருவர் கை தளர்வு. இருவரும் 30 கண்ணி (ஊசியில் போடும் நூல் வளையம்) போட்டால் இரண்டு அளவில் வரும். அதற்கு மூலையிலிருந்து பின்னுவதுதான் மருந்து. மூன்று கண்ணியில் தொடங்கி, எல்லா வரியையும் ஒரே பின்னலில், ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஒரு கண்ணி கூட்டிக்கொண்டே போங்கள். முக்கோணத்தின் சாய்ந்த பக்கம் 15 சென்டிமீட்டரைத் தொட்டதும், ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் இரண்டு கண்ணியை ஒன்றாக்கிக் குறைத்துவாருங்கள். யார் பின்னினாலும் 15 சென்டிமீட்டர் சதுரம். கண்ணிக் கணக்கே வேண்டாம், ஒரு அளவுகோல் போதும்.

ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டாம். நாய் எழுந்து உடம்பை உதறினால் மேசையைக் காலிசெய்யும் நேரம். வரியின் நடுவில் இருக்கிறேன் என்று சொல்பவர் ஊசிகளுக்கு ரப்பர் மூடி மாட்டிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வரட்டும்.

ஞாயிறு

காலை நடைக்குப் பிறகு மிச்சம் மீதியை முடித்துவிடுங்கள். செய்த எல்லாவற்றையும் வாசனை இல்லாத சோப்பில் துவைத்துக் காயவைத்துக் கொடுங்கள். ஃப்ளீஸை இஸ்திரி போட்டால் உருகிவிடும். பொம்மை தனி, போர்வை தனியாகக் கட்டி, அளவை ஒரு தாளில் எழுதிச் செருகினால் காப்பகத்தில் இருப்பவர்களுக்குப் பிரிக்கும் வேலை மிச்சம். பாதியில் நிற்கும் சதுரங்களை மூட்டையில் சேர்க்காதீர்கள், அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம். கொடுக்கப்போகும்போது உங்கள் நாய் கூடவே உள்ளே வர வேண்டியதில்லை. அங்கே தடுப்பூசி முடியாத குட்டிகள் இருக்கும், இருமுகிற நாய்களும் இருக்கும். ஒருவர் வெளியே நிழலில் நாயோடு நிற்கட்டும்.

வீடு திரும்பியதும் காரில் ஒரு வேலை. ரப்பர் கையுறையை லேசாக ஈரமாக்கி இருக்கைத் துணியின் மேல் ஒரே திசையில் தடவினால், வேக்குவம் விட்டுவைத்த முடியெல்லாம் உருண்டையாகத் திரண்டு வரும். அப்படித் தடவும்போதே ஊசிக் கணக்கையும் முடித்துவிடுங்கள். போன முறை என் தாளில் ஆறு என்று எழுதியிருந்தது, பெட்டியில் ஐந்துதான் இருந்தது. விரிப்பை உதறி, இருக்கையடியில் டார்ச் அடித்து, மூன்று நண்பர்களையும் தொலைபேசியில் திட்டிய பிறகு அகப்பட்டது. பின்னிருக்கைச் சீட் பெல்ட் பூட்டின் வாய்க்குள், தலைகீழாக.